மெனோனைட் மக்கள் வாழும் ஊரில் கடை நடத்துகிறவன் சொல்ல வேண்டியவை

ஒன்ராறியோவின் தென்மேற்கில், எல்ஜின் கவுண்டியில், எயில்மர் என்றொரு சிறு பட்டினம் இருக்கிறது. அதற்குப் பக்கத்து ஊர் ஒன்றில் நானும் மனைவியும் பெற்றோல் பம்ப்புடன் சேர்ந்த கடை நடத்துகிறோம். மெனோனைட் என்ற பழைய கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்த குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய இருக்கின்றன. ஸ்காபரோவில் வீட்டு விலை கட்டுப்படியாகாமல் இப்படிச் சிற்றூர்களில் கடை வாங்கிக்கொண்டு வருகிற தமிழ்க் குடும்பங்கள் இப்போது கூடிவிட்டன. முக்கியமாக அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்குக் கடையை விற்றவர் கணக்குப் புத்தகம், லொத்தர் மெஷின், ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் காட்டி முடித்த பிறகு, "மெனோனைட்டுகள் உள்ளே வந்தால் அவர்கள் கையைப் பார்த்துக்கொண்டே இரு" என்றார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். கடை கைமாறிய பிறகும் சம்பளம் எதுவும் கேட்காமல் வந்து உதவினார். மழை பெய்தால் கூரையின் வலது மூலை ஒழுகும் என்று சொல்வதைப் போல அவ்வளவு சாதாரணமாக அதையும் சொல்லிவிட்டுப் போனார். யார் திருடினார், எப்போது, எதை என்று கேட்டேன். அவரிடம் ஒரு சம்பவமும் இல்லை. தனக்குக் கடையை விற்றவர் சொன்னார் என்றார்.

இந்த ஊரில் மெனோனைட் மக்களை யாரும் அடிப்பதில்லை, கல்லெறிவதில்லை. நடப்பதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். தலையில் துணி கட்டிய பெண் ஒருத்தி வரிசையில் நின்றால், அவளைத் தாண்டிக் கையை நீட்டிக் கோப்பிக்குக் காசு தருவார் பின்னால் நிற்பவர். நாலைந்து பிள்ளைகளோடு ஒரு தாய் வந்தால் "பள்ளிக்கூட பஸ் வந்துவிட்டது" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் சிரிப்பார். தாய்க்கு ஆங்கிலம் விளங்காது என்ற நினைப்பு. அவளுக்கு விளங்காவிட்டாலும் பிள்ளைகளுக்கு நன்றாக விளங்கும். வேலைக்கு ஆள் தேவை என்று பலகை வைத்த இடத்திலேயே, பெயர் பென்னர், வீபே, ஃப்ரீசன் என்று இருந்து பேச்சில் கொஞ்சம் ஜெர்மன் வாடையும் இருந்தால், பிறகு கூப்பிடுகிறோம் என்ற பதில்தான். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அது ஒரே ஆளுக்குத்தான் திரும்பத் திரும்ப நடக்கிறது. கவுண்டருக்குப் பின்னால் நாள் முழுக்க நிற்பவனுக்கு மற்றவர்களைவிட இது தெளிவாகத் தெரியும்.

யார் யார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் குதிரைவண்டியில் வருகிறவர்கள் அமிஷ். 1950களில் அமெரிக்காவில் இருந்து வந்து எயில்மர் பக்கம் குடியேறினார்கள். அவர்கள் மெனோனைட்டுகளோடு வேர் ஒன்றான இன்னொரு சபை. வாட்டர்லூப் பக்கம் எல்மைரா, செயின்ட் ஜேக்கப்ஸ் ஊர்களில் குதிரைவண்டி ஓட்டுகிறவர்கள் பழைய ஒழுங்கு மெனோனைட்டுகள். அவர்களுடைய முன்னோர் 1800களின் தொடக்கத்தில் பென்சில்வேனியாவில் இருந்து வந்தவர்கள். எங்கள் கடைக்கு அதிகம் வருவது லோ ஜெர்மன் பேசுகிற குடும்பங்கள். ஊர்ச்சனம் அவர்களை "மெக்சிக்கன் மெனோனைட்" என்று சொல்லும், சொல்கிற தொனியும் நன்றாக இருக்காது. இவர்கள் வானும் ட்ரக்கும் ஓட்டுகிறவர்கள். வெள்ளரி, தக்காளி, புகையிலைத் தோட்டங்களில் தொடங்கி, இப்போது வெல்டிங், கூரை வேலை, லொறி ஓட்டம் என்று போய்விட்டார்கள். இவர்கள் பேசுவது பென்சில்வேனியா வழிக்காரருக்கு விளங்காது. இரண்டு பேரும் சந்தித்தால் ஆங்கிலத்தில்தான் கதைக்க வேண்டும்.

இவர்களைத் தவிர, பார்த்தால் அடையாளமே தெரியாத மெனோனைட்டுகள் ஏராளம். ஆசிரியர்கள், தாதிகள், கணக்காளர்கள். வாட்டர்லூ பல்கலைக்கழகத்தோடு இணைந்த கொன்ராட் கிரேபல் கல்லூரி மெனோனைட் சபையினர் நிறுவியது. எங்கள் வருமான வரிக் கணக்கைப் பார்க்கிறவரும் அப்படி ஒருவர். ஜீன்ஸும் தொப்பியுமாக வந்து நிற்பார். அவர் பக்கத்தில் நின்றுகொண்டே மற்றவர்கள் மெனோனைட் பகிடி விடுவார்கள். அவர் ஒன்றும் பேச மாட்டார், காசைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஒருநாள் கடையில் யாரும் இல்லாதபோது, "என் அம்மம்மாவும் அப்படித்தான் தலையில் துணி கட்டியிருந்தாள்" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

"மெக்சிக்கோவுக்கே திரும்பிப் போகட்டும்" என்பது அடிக்கடி கேட்கிற பேச்சு. அதனால் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இவர்களுடைய முன்னோர் 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் அனபாப்டிஸ்ட் என்று வேட்டையாடப்பட்டவர்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் கூடாது, வளர்ந்த ஆள் தானே விரும்பி எடுக்க வேண்டும், ஆயுதம் தொடக் கூடாது என்பது நம்பிக்கை. மென்னோ சைமன்ஸ் என்ற டச்சுப் பாதிரியார் 1536இல் கத்தோலிக்க சபையை விட்டு இவர்களோடு சேர்ந்தார். அவர் பெயரால்தான் மெனோனைட். நெதர்லாந்தில் இருந்து விஸ்டுலா ஆற்றுப் பக்கம், அங்கிருந்து இன்றைய உக்ரேன், 1870களில் அங்கிருந்து கனடாவின் மனிடோபா. படைக்கு ஆள் எடுக்க மாட்டோம், உங்கள் பள்ளிகளை நீங்களே நடத்தலாம் என்று கனடா அரசு சொல்லித்தான் கூட்டி வந்தது. 1916இல் மனிடோபா இருமொழிப் பள்ளிகளை நிறுத்தியது. ஆங்கிலப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பாத பெற்றோருக்கு அபராதம், சிலருக்குச் சிறை. இதை வாசிக்கும் இலங்கைத் தமிழன் எவனுக்கும் சிங்களம் மட்டும் சட்டம் வந்த 1956 ஞாபகம் வராமல் இருக்காது. 1922இல் இருந்து ஆயிரக்கணக்கானோர் ரயிலேறி மெக்சிக்கோவின் சிவாவா, டுராங்கோ மாநிலங்களுக்குப் போனார்கள். வேறு சிலர் பராகுவே போனார்கள். வறட்சியும் நிலத் தட்டுப்பாடும் வந்த பிறகு, 1950களில் இருந்து பேரப்பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாக ஒன்ராறியோவுக்குத் திரும்பினார்கள். தாத்தா பாட்டி பிறந்த நாட்டுக்குத்தான் வந்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் கவுண்டரில் வைத்து விரிவுரை செய்ய முடியாது. செய்தாலும் எடுபடாது. "அவர்களுடைய தாத்தாமார் மனிடோபாவில் பிறந்தவர்கள், தெரியுமா?" என்ற ஒரே வரிதான் நான் சொல்வது. தெரியாது என்பார்கள். உண்மையாகவே தெரியாது. அதற்குப் பிறகு பேச்சு வேறு விதமாகப் போகும்.

கடிதம் என்றாலே இவர்கள் பயப்படுவதற்கும் காரணம் இருக்கிறது. 1977 குடியுரிமைச் சட்டத்தின்படி, வெளிநாட்டில் இரண்டாம் தலைமுறையாகப் பிறந்த கனடியர் 28 வயதுக்குள் விண்ணப்பித்து உறுதிசெய்ய வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் குடியுரிமை தானாகவே போய்விடும். அந்த விதி 2009இல் நீக்கப்பட்டது. அதற்கு முன்பே 28 தாண்டியவர்களில் பலர், இங்கேயே வேலை செய்து வரி கட்டிக்கொண்டிருந்தவர்கள், கடவுச்சீட்டைப் புதுப்பிக்கப் போன இடத்தில்தான் தாங்கள் கனடியர் இல்லை என்று அறிந்தார்கள். அரசாங்க உறையைக் கையில் வைத்துக்கொண்டு, பிரிக்கலாமா வேண்டாமா என்று ஒருவர் என் கடையில் நின்றபோது அவர் முகம் எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. குடிவரவுத் துறைக் கடிதத்தைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் பிரித்த வீடுகள் எங்கள் ஆட்களிலும் எத்தனை! அப்படி யாராவது கேட்டால் வாசித்துச் சொல்வேன், எயில்மரில் உள்ள மெனோனைட் சமூக சேவை (Mennonite Community Services) அலுவலகத்தைக் காட்டிவிடுவேன். அங்கே லோ ஜெர்மன் பேசுகிற ஆட்கள் இருக்கிறார்கள். படிவம் நிரப்பும் வேலையைக் கடைக்காரர் தானே ஏற்கக் கூடாது. ஒரு திகதி பிழைத்தாலும் அந்தக் குடும்பத்துக்கு வருடக்கணக்கில் இழுபடும்.

சூரியகாந்தி விதை விவகாரம் சின்னதுதான், ஆனால் நிறையக் கற்றுக்கொடுத்தது. லோ ஜெர்மன் குடும்பங்களுக்கு வறுத்த சூரியகாந்தி விதை என்றால் உயிர். வாயின் ஒரு பக்கம் விதை போகும், மறுபக்கம் கோது வரும். பேச்சு நிற்காமலே அது நடக்கும். மாலையில் பெடியங்கள் ட்ரக்கில் சாய்ந்து நின்று கதைத்துவிட்டுப் போனால் பார்க்கிங்கில் கோது கிடக்கும். பழைய முதலாளி ஜெர்மனில் மட்டும் ஒரு அறிவித்தல் ஒட்டி வைத்திருந்தார்: இங்கே துப்பாதே. சிகரெட் அடிக்கட்டையும் கோப்பிக் கோப்பையும் அதே பார்க்கிங்கில்தான் கிடந்தன. அவற்றுக்கு ஆங்கிலத்தில் ஒரு அறிவித்தலும் இல்லை. நான் அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டு, அவர்கள் வழக்கமாக ட்ரக்கை நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் மூடியில்லாத பெரிய குப்பைத்தொட்டி ஒன்று வைத்தேன். மனைவி "குப்பையைத் தொட்டியில் போடவும்" என்று ஆங்கிலத்தில் எழுதி அதன்மேல் ஒட்டினாள். எல்லோருக்கும் பொது. கோது முழுக்க நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் பாதிக்கு மேல் குறைந்தது. சிகரெட் கட்டையும் குறைந்தது. கடையில் எந்த விதி வைத்தாலும் செயலைப் பார்த்து வையுங்கள். ஆளைப் பார்த்து வைத்த விதி, அந்த ஆட்கள்தான் அப்படி என்று வருகிற போகிற எல்லோருக்கும் அறிவித்துக்கொண்டே இருக்கும்.

விதைக்குப் பக்கத்தில் மெக்சிக்கன் மிளகாய்ச் சிப்ஸும் சோடாவும் அடுக்கினோம். மனைவி சும்மா ஒரு சோதனையாக நம்முடைய கார மிக்சரையும் தொங்கவிட்டாள். சிவாவாவில் வளர்ந்தவர்களுக்கு உறைப்பு பழக்கம். இப்போது எங்கள் ஆட்களைவிட அவர்கள்தான் அதை அதிகம் வாங்குகிறார்கள்.

அடுத்தது வரி. "அவர்கள் வரி கட்டுவதில்லை" என்று படித்தவர்களே சொல்வார்கள். அது பொய். வருமான வரி, சொத்து வரி எல்லாம் மற்றவரைப் போலவே கட்டுகிறார்கள். பிள்ளைகளைச் சபைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள் அந்தப் பள்ளிச் செலவையும் கொடுத்து, சொத்து வரியில் அரசுப் பள்ளிக்கான பங்கையும் கொடுக்கிறார்கள். இந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்றால், சில சபைகளைச் சேர்ந்த சுயதொழில்காரர்கள் மத நம்பிக்கையின் பேரில் கனடா ஓய்வூதியத் திட்டத்தில் சேராமல் இருக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. முதியவரைப் பார்ப்பது குடும்பத்தினதும் சபையினதும் கடமை என்பது அவர்கள் நம்பிக்கை. சந்தா கட்டாதவருக்கு அந்த ஓய்வூதியமும் கிடையாது. இதைச் சொன்னால் கேட்பவர் கொஞ்சம் யோசிப்பார்.

ஆனால் தகவலை வைத்து எல்லாரையும் திருத்திவிடலாம் என்று நான் நம்பவில்லை. கவுண்டரில் அதைவிடப் பலன் தந்தது இரண்டு சின்னப் பழக்கம். ஒன்று, சிரிக்காமல் இருப்பது. கடைக்காரன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவான் என்று எதிர்பார்க்கிறார்கள். அதுவும் நாங்கள் நிறம் வேறானவர்கள், வந்தேறிகள். நாங்களும் தங்கள் பக்கம் சேர விரும்புவோம் என்று நினைத்து முழங்கையால் இடிப்பது மாதிரிக் கதைப்பார்கள். "நீங்கள் பரவாயில்லை, உழைக்கிறீர்கள். அவர்கள்தான்..." என்று இழுப்பார்கள். அந்த இடத்தில் சிரித்தால் நம்மை அதில் பங்காளி ஆக்கிவிடுவார்கள். சண்டை வேண்டாம், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு மிச்சக் காசை எண்ணிக் கொடுத்தால் போதும். இரண்டாவது, ஒரு கேள்வி: "யார்?" உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிக் கேட்க வேண்டும். "மெனோனைட்டுகள் என் வேலியை உடைத்துவிட்டார்கள்" என்றால், யார், எந்த வீட்டுப் பெடியன்? பெயர் வந்தால் அது ஒரு பெடியனும் ஒரு வேலியும் சம்பந்தப்பட்ட பிரச்சினை. தகப்பனோடு கதைத்துத் தீர்க்கலாம். ஒருமுறை அப்படித்தான் தீர்ந்தது. தகப்பன் இரண்டு மகன்களோடு வந்து வேலியைத் தானே கட்டிக் கொடுத்தார். பெயர் வராவிட்டால், சொன்னவருக்கே தன் பேச்சில் ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிடும்.

தாய்க்குப் பதிலாகப் பிள்ளை மொழிபெயர்க்கும்போது தாயைப் பார்த்துப் பேசுங்கள். பிள்ளையைப் பார்த்து "உன் அம்மாவிடம் சொல்லு" என்று பேசுவது, தாய் அங்கே இல்லாத மாதிரி. நம் அம்மாமாரை வைத்தியசாலைகளில் இப்படி நடத்தியபோது நமக்கு எவ்வளவு கொதித்தது!

வெள்ளைக்காரரை மட்டும் சொல்லி நான் தப்ப மாட்டேன். இலையுதிர் காலத்தில் ஸ்காபரோவில் இருந்து சொந்தக்காரர் வருவார்கள். "மச்சான், அந்தக் குதிரைவண்டிக்காரர் எங்கை நிப்பினம், ஒரு படம் எடுப்பம்" என்பான் ஒருவன். அமிஷ்காரரும் பழைய ஒழுங்கு மெனோனைட்டுகளும் முகம் தெரியப் படம் எடுப்பதை விரும்புவதில்லை. அவர்கள் மத நம்பிக்கை அது. கைபேசியைத் தூக்கினால் முகத்தைத் திருப்புவார்கள், தெருவில் நின்று சண்டை பிடிக்க மாட்டார்கள். சண்டை பிடிக்காதவர் என்பதால் எடுத்துவிடலாமா? "அவையள் குளிக்கமாட்டினமாம், உண்மையோ அண்ணை?" என்று இன்னொருவர். இப்படித்தான் எங்கள் ஊர்களில் தீவுப் பகுதி ஆட்களைச் சொன்னார்கள், வன்னிப் பகுதி ஆட்களைச் சொன்னார்கள். தோட்டத்தில் இருந்து விரட்டப்பட்டுக் கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய மலையகச் சனத்தைச் சொன்னார்கள். ஒரே மொழி, ஒரே சாமி, இருந்தும் கிணற்றில் தண்ணி அள்ள விடாத வீடுகள் இருந்தன. அந்த நாக்கோடுதான் கனடாவுக்கும் வந்திருக்கிறோம். 2010 ஓகஸ்டில் எம்வி சன் சீ கப்பலில் 492 தமிழர் வந்து இறங்கியபோது, கடத்தல்காரர், பயங்கரவாதி, வரிசையைக் குழப்பி வந்தவர்கள் என்று நாட்டின் பாதி பேசியது. கப்பலில் பிள்ளைகளும் இருந்தார்கள். யாரும் "யார்?" என்று கேட்கவில்லை. எல்லோரையும் சேர்த்துத்தான் பேசினார்கள். இந்தக் கப்பல் கதையைத்தான் என் மச்சானுக்கும் சொல்வது. அவன் இப்போது படம் எடுப்பதில்லை.

கடினமான பகுதி சின்னமுத்து, அதாவது தட்டம்மை. 2024 ஒக்ரோபரில் ஒன்ராறியோவில் தட்டம்மை பரவத் தொடங்கியது. 2025 ஒக்ரோபரில் முடிவுக்கு வந்ததாக அறிவிக்கும்போது 2,300க்கும் மேற்பட்டவர்களுக்கு வந்து போயிருந்தது. எல்ஜின், ஒக்ஸ்போர்ட், செயின்ட் தோமஸ் பகுதிதான் மிக மோசமாக அடிபட்டது. 2025 நவம்பரில் கனடா, 1998இல் இருந்து வைத்திருந்த தட்டம்மை ஒழிப்புத் தகுதியையே இழந்தது. தடுப்பூசி குறைவாகப் போட்ட மெனோனைட், அமிஷ் சமூகங்களில் தொற்று அதிகம் என்று மாகாணத் தலைமை மருத்துவ அதிகாரி கீரன் மூர் சொன்னார். அது உண்மை. உண்மையை மறைத்து ஒரு சமூகத்தைக் காப்பாற்ற முடியாது. எங்கே பரவுகிறது என்று தெரிந்தால்தான் லோ ஜெர்மன் பேசும் தாதியை அங்கே அனுப்பலாம். தடுப்பூசி போடாமல் விட்டது ஆபத்தான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கருவிலேயே தொற்றிப் பிறந்த குறைமாதக் குழந்தை ஒன்று எங்கள் மாகாணத்தில் இறந்ததாக 2025 ஜூனில் அறிவித்தார்கள். அதற்கு வேறு மருத்துவச் சிக்கல்களும் இருந்தன என்றார்கள். அப்படியிருந்தும் அந்தச் செய்தி கேட்ட நாளில் மனைவி சாப்பிடவில்லை.

ஆனால் அந்த உண்மை தெருவுக்கு வந்தபோது வேறொன்றாகிவிட்டது. தலையில் துணி கட்டிய பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு பால் வாங்க வந்தாள். கோப்பி ஊற்றிக்கொண்டிருந்த ஒருவர் பின்னால் நகர்ந்து, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "இதுகளுக்கு ஊசி போட்டாச்சா என்று கேள், இல்லாவிட்டால் வெளியே அனுப்பு" என்றார். நான் சொன்னது இவ்வளவுதான்: "இந்தக் கடையில் நான் யாரிடமும் மருத்துவக் கேள்வி கேட்பதில்லை. உங்களிடமும் கேட்டதில்லை." அவர் கோப்பியை அப்படியே வைத்துவிட்டுப் போனார். பெண் ஒன்றும் பேசாமல் காசு கொடுத்தாள். கை நடுங்கியது, சில்லறை கவுண்டரில் சிதறியது, நானும் அவளும் சேர்ந்து பொறுக்கினோம். பிறகுதான் வேறொருவர் மூலம் தெரியவந்தது, அந்தக் குழந்தைக்கு அதன் வயதுக்குரிய ஊசி எல்லாம் போட்டாயிற்று. போட்டிருக்காவிட்டாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அந்த மாதங்களில் நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். இப்படி வெட்கப்படுத்தியதால் யாரும் ஊசி போடப் போகவில்லை. காய்ச்சல் வந்த பிள்ளையை மருத்துவரிடம் காட்டாமல் வீட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள். பரிசோதனைக்குப் போனால் பெயர் வெளியே வரும் என்ற பயம். பலன் தந்தது வேறு. சுகாதாரப் பிரிவு தந்த ஊசி நேர அட்டவணையை மனைவி கதவுக்குப் பக்கத்தில், எல்லோருக்குமான அறிவித்தலாக ஒட்டினாள். லோ ஜெர்மன் பெரும்பாலும் பேச்சுமொழி, வாசிப்பதற்கு அவர்களில் மூத்தவர்கள் உயர் ஜெர்மனைத்தான் பழகியிருக்கிறார்கள். அதனால் காகிதத்தைவிட ஆள் வாயால் சொல்வதுதான் அவர்களிடம் போய்ச் சேரும். எயில்மரில் 105.9 எஃப்எம் வானொலி லோ ஜெர்மனில் நிகழ்ச்சி நடத்துகிறது, அதைக் கேட்காத வீடு குறைவு. அப்புறம் அவர்களுக்குள்ளேயே இருக்கிற மருத்துவிச்சி, தாதி, பெரிய தாய்மார். அவர்கள் சொன்னால் கேட்பார்கள். பால் விற்கிற நான் ஊசியைப் பற்றிப் பிரசங்கம் செய்யத் தேவையில்லை. அவர்கள் பயமில்லாமல் வந்து போகிற இடமாக என் கடையை வைத்திருந்தால் போதும்.

கடையில் மாலை நேர வேலைக்கு ஒரு லோ ஜெர்மன் வீட்டுப் பிள்ளையைச் சேர்த்தோம். கணக்கில் கெட்டி. முதலில் ஒரு வாடிக்கையாளர் அவளிடம் ரசீதை வாங்கி, மிச்சக் காசை இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் போவார். என்னிடம் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. நான் அவளைப் பின்னால் சரக்கு அடுக்க அனுப்பி ஒளித்து வைக்கவில்லை. முதலாளிகளுக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். வாடிக்கையாளருக்குப் பிடிக்காது என்று ஆளைப் பின்னறைக்கு மாற்றுவதும் பாகுபாடுதான், நல்லெண்ணத்தில் செய்தாலும். அந்த மனிதர் கொஞ்ச நாளில் எண்ணுவதை விட்டுவிட்டார். இப்போது அவள் இல்லாத நாளில் எங்கே என்று விசாரிக்கிறார்.

வீடு வாடகைக்குக் கொடுப்பவர்கள் சிலர் என்னிடம் வந்து, "அந்தக் குடும்பத்தை உனக்குத் தெரியுமா, எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்பதுண்டு. வாடகை ஒழுங்காகக் கட்டுவார்களா என்று கேட்டால் தெரிந்ததைச் சொல்வேன். பிள்ளைகளை எண்ணிச் சொல்ல மாட்டேன். மதம், இனம், குடும்ப நிலை மூன்றையும் காரணம் காட்டி வீடு மறுப்பதை ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டம் தடுக்கிறது. அதிகப் பிள்ளைகள் என்று மறுப்பதும் அதில் அடங்கும். மறுக்கப்பட்டவர் ஒரு வருடத்துக்குள் மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். இவர்கள் வழக்குப் போட மனம் வைப்பது அரிது. நீதிமன்றம் ஏறுவது அவர்கள் வழக்கத்துக்கு ஒத்துவராத காரியம். வீட்டுக்காரர் அதைத் தெரிந்துகொண்டுதான் துணிகிறார். அதனால் சட்டம் இருக்கிறது என்பதை வீட்டுக்காரர் காதில் போடுகிற வேலையை நம்மைப் போன்றவர்கள்தான் செய்ய வேண்டும்.

புகழ்ச்சியும் எனக்குச் சரியாகப் படவில்லை. "எவ்வளவு எளிமையான, கபடமற்ற மக்கள்!" என்று சுற்றுலா வருகிறவர்கள் உருகுவார்கள். அவர்களும் மனிதர்கள். கோபக்காரர், குடிகாரர், கடன் சொல்லி ஏமாற்றுகிறவர் எல்லாம் உண்டு. பெண்பிள்ளைகளைப் படிப்பில் இருந்து சீக்கிரம் நிறுத்துகிற வீடுகள் உண்டு. சபையை விட்டு வெளியே வந்தவர்களை ஒதுக்குவதும் உண்டு. அப்படி ஒதுக்கப்பட்ட பெண் ஒருத்தி என்னிடம் சொன்னது: என் கணவர் மோசமானவர் என்று நான் சொன்னால் வெளியில் யாரும் நம்புவதில்லை, மெனோனைட்டா, அவர்கள் நல்லவர்கள் ஆயிற்றே என்கிறார்கள். ஒருவரைத் தேவதை ஆக்கினாலும் அவர் சொல்வதைக் கேட்காமல்தான் போகிறோம்.

நவம்பர் வந்தால் கவுண்டரில் பொப்பிப் பூப் பெட்டி இருக்கும். போரில் இறந்தவர்களுக்காக எல்லோரும் காசு போட்டுப் பூக் குத்திக்கொள்வார்கள். மெனோனைட்டுகள் பலர் எடுப்பதில்லை. "நம் பெடியங்கள் செத்தபோது இவர்கள் வீட்டில் இருந்தார்கள்" என்பார் ஒரு முதியவர். அவருடைய அண்ணன் இத்தாலியில் புதைக்கப்பட்டவர், அந்தத் துக்கத்தை நான் மதிக்கிறேன். இரண்டாம் உலகப் போரில் கனடாவில் மனச்சாட்சியின் பேரில் ஆயுதம் மறுத்தவர்கள் 10,000க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் மெனோனைட்டுகள். காட்டு வேலை, பூங்கா வேலை, தோட்டம், வைத்தியசாலை என்று மாற்றுச் சேவை செய்தார்கள். வன்னியில் இருந்து வந்தவன் நான். எங்கள் ஒழுங்கையில் எத்தனை வீட்டில் படத்துக்கு மாலை போட்டிருந்தது என்று எனக்குத் தெரியும். துவக்கைத் தொட மாட்டேன் என்று நானூறு வருடங்களுக்கு மேலாக நாடு நாடாக ஓடிய ஒரு சனத்தைக் கோழை என்று என் வாயால் சொல்ல வராது. அந்த முதியவரிடம் இதைத்தான் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்றைக்கு முதல் தடவையாக என் ஊரில் நடந்ததைப் பற்றிக் கேட்டார், நெடுநேரம் இருந்து கதைத்தார்.

இந்தப் பக்கம் கடை பார்க்க வருகிறவர்கள், விற்கிறவரிடம் மாதவாரியான கணக்கைக் கேட்டு வாங்குங்கள். குளிர்காலத்தில் சில குடும்பங்கள் மெக்சிக்கோவுக்குப் போய்விடும், விற்பனை இறங்கும். ஏப்ரலில் தோட்ட வேலை தொடங்கும்போது திரும்பி வருவார்கள். விற்கிறவர் மெனோனைட்டுகளைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அந்தக் கணக்கில் அவர்கள் பங்கு எவ்வளவு என்றும் உடனே கேளுங்கள். எங்கள் கடையில் அது சரிபாதிக்குக் கிட்ட. கடனுக்குக் கொடுத்துத் திரும்பி வராத காசுக் கொப்பியையும் பழைய முதலாளி தந்திருந்தார். அதில் இருந்த பெயர்களில் இரண்டோ மூன்றோதான் அவர்களுடையவை. மிச்சமெல்லாம் மற்றவர்கள்.